டோலியில் போனவரும் தூக்கிச் சென்றவரும்

ஏற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். சேலத்தில் பஸ் ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஒரு மணி நேரத்தில் ஏரிக்கரையில் இறங்கி மிளகாய் பஜ்ஜி சாப்பிடலாம். சாலை போடாத காலத்தில் இது அவ்வளவு சுலபம் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் துரை, சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். அவரைப் பின்தொடர்ந்து தோட்டக்காரர்கள், பாதிரிமார்கள், வெயில் தாங்காத வெள்ளைக்காரக் குடும்பங்கள் என்று வரிசையாக மலையேறினார்கள். ஏறினார்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பலர் மட்டக் குதிரையில் போனார்கள். மற்றவர்கள் டோலியில் உட்கார்ந்துகொள்ள, நாலு பேரோ ஆறு பேரோ தோளில் சுமந்துகொண்டு கிட்டத்தட்ட 4,000 அடி உயரம் ஏறினார்கள்!

இந்தக் காட்சியைக் கொஞ்சம் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் சொகுசாக உட்கார்ந்திருக்கிறார். கீழே ஒருவர் மூச்சு வாங்க ஏறுகிறார். இவர்களில் யாருடைய இதயம் நல்ல இதயம்?

ஏற்காட்டில் யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. லண்டனில் ஒருவர் எடுத்தார். ஜெரமி மாரிஸ் என்ற அந்த டாக்டர், லண்டன் நகரப் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் உடல்நலக் கணக்கைப் புரட்டினார். லண்டனில் மாடி பஸ். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கவேண்டும். ஒரு நாளைக்கு 500-லிருந்து 750 படிகள். அதே பஸ், அதே புகை, ஏறக்குறைய அதே சம்பளம். ஆனால், மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது! கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் அந்த முதல் அடியிலேயே இறந்துபோகிறவர்களும் குறைவு. 1953-ல் இது வெளியானபோது பலர் நம்பவில்லை. மாரிஸ் விடவில்லை. நிர்வாகம் ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த யூனிஃபார்ம் அளவுகளை வாங்கிப் பார்த்து, டிரைவர்களின் பேன்ட் இடுப்புச் சுற்றளவு கண்டக்டர்களைவிட அதிகம் என்று 1956-ல் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். பெருத்தவர்கள் டிரைவர் வேலைக்குப் போகிறார்களா, அல்லது டிரைவர் வேலை பெருக்கவைக்கிறதா என்ற சிக்கலை மறைக்காமல் சொன்னதும் அவர்தான்.

அவசரப்பட்டு, ‘டோலி தூக்கியவர்கள் எல்லாம் நூறு வயது வாழ்ந்தார்கள்’ என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். பாவம், மலேரியாவும் அரைவயிற்றுச் சாப்பாடும் அவர்களை அதற்குமுன்பே கொண்டுபோயிருக்கும். நம் விஷயம் வேறு. உழைக்கிற இதயத்துக்கு நோய் குறைவு என்பது சரி... ஏற்கெனவே அடி வாங்கிவிட்ட இதயம் என்ன செய்யவேண்டும்? படுக்க வேண்டுமா, நடக்க வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்க டாக்டர்களுக்குச் சுமார் 200 வருஷம் ஆனது. அதில் பாதிக்கு மேல், விடையைக் கையில் வைத்துக்கொண்டே தொலைத்த கதை!

* * *

நெஞ்சுவலியை முதலில் தெளிவாக விவரித்தவர் லண்டன் டாக்டர் வில்லியம் ஹெபர்டன். 1768-ல் மருத்துவக் கல்லூரியில் கட்டுரை வாசித்தார். நடந்தால் வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று அந்த வலியின் ஜாதகத்தையே எழுதிய மனிதர். மாரடைப்பு என்ற சங்கதி அப்போது யாருக்கும் தெரியாது. அவர் இறந்த பிறகு 1802-ல் வந்த புத்தகத்தில் ஒரு நோயாளியைப் பற்றி ஒரே வரியில் ஒரு தகவல் இருக்கிறது. அந்த ஆள் தினமும் அரைமணி நேரம் மரம் அறுப்பது என்று வைத்துக்கொண்டாராம். கிட்டத்தட்ட குணமாகிவிட்டாராம்! ஏன் என்று ஹெபர்டன் விளக்கவில்லை.

அடுத்து, டப்ளின் நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ். 1854-ல் இதய நோய்கள் பற்றித் தடிமனான புத்தகம் எழுதினார். பலவீனமான இதயம் உள்ளவர்கள் முதலில் சமதரையில் நடக்கட்டும், பழகியபின் மெள்ள மெள்ள மேட்டில் ஏறட்டும், முடிந்தால் ஸ்விட்சர்லாந்து, ஸ்காட்லாந்து மாதிரி மலைப்பகுதிக்கே போய் நடக்கட்டும் என்று எழுதினார் மனிதர்.

இதைப் பெரிய சிகிச்சை முறையாகவே ஆக்கியவர் மியூனிக் நகரத்துப் பேராசிரியர் மாக்ஸ் யோசப் ஓர்ட்டல். 1880-களில் ஜெர்மனி, ஆஸ்திரியாவின் மலை ஊர்களில் இதய நோயாளிகளுக்கென்றே நடைபாதைகள் போடவைத்தார். சமதரை, லேசான ஏற்றம், நடுத்தர ஏற்றம், செங்குத்து என்று நாலு தரம். வரைபடத்தில் ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு வண்ணம். வழியில் உட்கார பெஞ்சுகள். இன்ன நோயாளி இன்ன வண்ணப் பாதையில் இவ்வளவு தூரம் என்று, மருந்து எழுதுவது மாதிரி சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மலையே மாத்திரை! உப்பு, தண்ணீர் அளவையும் குறைக்கச் சொன்னார் என்பது உபரித் தகவல்.

ஓர்ட்டல் மட்டும் ஏற்காடு வந்திருந்தால் குஷியாகியிருப்பார். ஏரியைச் சுற்றி ஓரளவு சமதளம். லேடீஸ் ஸீட் பக்கம் லேசான ஏற்றம். அப்புறம், 5,326 அடி உயரத்தில் சேர்வராயன் குகைக்கோயில் இருக்கிற உச்சி. கையில் வண்ணப் பென்சிலோடு ஒரே நாளில் வரைபடத்தை முடித்திருப்பார். ஆனால், இங்கே இருந்த ஆங்கில டாக்டர்களிடம் வேறு பாடம்தான் இருந்தது. காய்ச்சல்காரர்களையும் வெயிலில் வதங்கியவர்களையும் மலைக்கு அனுப்புவார்கள். இதயக் கோளாறு என்றால், ‘மலை ஆகாது’ என்று கைவிரிப்பார்கள். ஊரே நடைபாதையாக இருந்தும், நடக்கவேண்டியவர் வந்ததில்லை, வந்தாலும் டோலியில்!

* * *

பிறகு வந்தது விபரீதம். அதுவும் ஒரு நல்ல கண்டுபிடிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

1912-ல் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று அடைபட்டாலும் மனிதன் உடனே செத்துவிட வேண்டியதில்லை, பிழைக்கலாம் என்று எழுதினார். மாரடைப்பை உயிரோடு இருக்கும் ஆளிடம் கண்டறியும் மருத்துவம் இங்கிருந்துதான் வேர்விட்டது. பிழைத்தவரை என்ன செய்வது? படுக்க வை!

1939-ல் பாஸ்டனில் மேலரி, ஒயிட், சல்ஸீடோ சல்கார் என்ற மூன்று பேர், மாரடைப்பு வந்து இறந்த 72 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்தார்கள். ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன தசை, உறுதியான தழும்பாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சின்னக் காயம் என்றால் ஒரு மாதத்துக்கு மேல், பெரியது என்றால் இரண்டு மாதம். ‘ஆஹா, அதுவரை ஆடாமல் அசையாமல் கிடக்கவேண்டும்’ என்று மருத்துவ உலகம் முடிவு கட்டியது. ஈரச் சுவரில் சாயாதே என்கிற மாதிரி! கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஆறு வாரம் முழுப் படுக்கை. நர்ஸ்தான் ஊட்டிவிட வேண்டும். ஷேவிங்கும் அடுத்தவர்தான். திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டும். மாடிப்படியா? ஒரு வருஷத்துக்கு மூச்!

இப்படிக் கிடந்தவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்தது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தது. தசை கரைந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. ‘பார்த்தீர்களா, இன்னும் இதயம் தேறவில்லை’ என்று மறுபடி படுக்க வைத்தார்கள்!

இந்தப் படுக்கையை முதலில் உதைத்தவர்கள் அதே பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவினும் அவருடைய சிஷ்யர் பெர்னார்ட் லோனும். படுத்துக் கிடந்தால் காலில் இருக்கும் ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு வந்து சேர்ந்து இதயத்தின் பாரம் கூடுகிறது. உட்கார வைத்தால் குறையும் என்பது லெவினின் வாதம். 1950-களின் தொடக்கத்தில், மாரடைப்பு வந்த 81 பேரை ஒன்றிரண்டு நாளிலேயே கைபிடித்துத் தூக்கி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நடக்கக்கூட இல்லை, சும்மா உட்காருவது! அதற்கே ஆஸ்பத்திரியில் ரகளை. மனிதர்களைச் சோதனை எலி ஆக்குகிறார் என்று ஜூனியர் டாக்டர்கள் லோனைப் பார்த்தால் கை நீட்டி ஹிட்லர் சல்யூட் அடித்தார்களாம். லோன், லிதுவேனியாவில் பிறந்த யூதர். வலித்திருக்காதா? ஆனால், பயந்த விபரீதம் எதுவும் நடக்கவில்லை. நோயாளிகளின் முகம் தெளிந்தது, வலி மருந்து குறைந்தது. 1952-ல் கட்டுரை வெளியானது. (இதே லோன் துணை நிறுவனராக இருந்து வளர்த்த டாக்டர்கள் அமைப்பு, 1985-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியது.)

மூன்றே வருஷத்தில், உலகமே பார்க்கிற ஒரு நோயாளி கிடைத்தார். 1955 செப்டம்பர் 24. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு டென்வர் நகரில் மாரடைப்பு. திங்கட்கிழமை கடை திறந்ததும் நியூயார்க் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. சிகிச்சைக்கு வந்த நிபுணர் யார் தெரியுமா? பால் டட்லி ஒயிட். ஆமாம், 1939-ல் 72 இதயங்களை அறுத்துப் பார்த்த மூவரில் அந்த நடு ஆள்தான்! எந்த ஆராய்ச்சியைக் காட்டி உலகம் நோயாளிகளைப் படுக்க வைத்ததோ, அதை எழுதியவரே ஜனாதிபதியை நாற்காலியில் உட்காரவைத்தார், நடக்கவைத்தார், பிறகு கோல்ஃப் ஆடவும் விட்டார். ஒயிட் சைக்கிள் பிரியர். நிருபர்களைக் கூப்பிட்டு, ஜனாதிபதியின் இதயத்தைப் பற்றிப் பாடமே நடத்தினார். அடுத்த ஆண்டு தேர்தலில் நின்று ஜெயித்த ஐசனோவர், 1969 வரை உயிரோடு இருந்தார்.

அந்த ஒயிட்டிடம் ஹார்வர்டில் படித்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. பர்மாவில் பிறந்து, உலகப் போரில் ஜப்பான் படை வந்தபோது தாயாரோடும் சகோதரிகளோடும் கோயமுத்தூருக்கு ஓடிவந்த சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி. இந்தியாவின் முதல் பெண் இதய நிபுணர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நீச்சலை விடவில்லை. 2020-ல் மறைந்தபோது அவருக்கு வயது 103.

* * *

படுக்கை உண்மையிலேயே அவ்வளவு மோசமா? 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேர். எந்த நோயும் கிடையாது. மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எழுந்தபோது, உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்திருந்தது! இரண்டு மாதம் பயிற்சி கொடுத்ததும் மீண்டது. கதை அதோடு முடியவில்லை. 30 வருஷம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். தொப்பை விழுந்து, தலை நரைத்து, ஐம்பது வயதாகியிருந்தது. ஆனாலும், 30 வருஷ முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் அதிகம்! இருபது வயதுப் பையன்களுக்கே இந்தக் கதி என்றால், இதயத்தில் பாதித் தசையைப் பறிகொடுத்த அறுபது வயதுப் பெரியவரை ஆறு வாரம் கிடத்தினால் என்ன ஆகியிருக்கும்?

1973-ல் டொரான்டோ டாக்டர் டெரன்ஸ் கவானா ஒரு படி மேலே போனார். மாரடைப்பு வந்து, தன்னிடம் நெடுநாள் பயிற்சி எடுத்துத் தேறியவர்களைக் கூட்டிக்கொண்டு பாஸ்டன் மாரத்தான் ஓடவைத்தார். 42 கிலோமீட்டர். அந்தப் பாதையில், வீரர்கள் துவண்டுபோகிற ஒரு மேட்டுக்கு ‘இதயம் நொறுக்கும் குன்று’ என்றே பெயர்! நாம் எல்லோரும் அப்படி ஓடவேண்டும் என்று அர்த்தமில்லை. கவானாவுக்கும் அது நோக்கமில்லை. முடியும் என்று காட்டினார்.

இனி, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். அட்டாக் வந்த அப்பாவை டிஸ்சார்ஜ் செய்து கூட்டிவருகிறோம். எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘பம்பிங் 35 தான் இருக்காம்’ என்று சமையலறையில் குசுகுசுக்கிறோம். நூற்றுக்கு 35, அதாவது பெயில் மார்க் பக்கத்தில் என்று நினைப்பு! அது அப்படியில்லை. இதயத்தின் இடது கீழறையில் 100 மில்லி ரத்தம் நிரம்பினால், ஒரு துடிப்பில் எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. முழு ஆரோக்கியமான இதயமே 55-லிருந்து 70 வரைதான் தள்ளும். நூறு யாருக்கும் கிடையாது. 35 என்பது குறைவுதான், கவனமாக இருக்கவேண்டியதுதான். ஆனால், அது செத்த எண் அல்ல.

செத்த தசை உயிர்த்தெழாது. எந்த வாக்கிங்கும் தழும்பைத் துடிக்கவைக்காது. அப்படிச் சொல்லி லேகியம் விற்பவர்களை நம்பவேண்டாம். பின்னே நடந்தால் என்ன லாபம்? லாபம் பெரும்பாலும் இதயத்துக்கு வெளியே இருக்கிறது. கால் தசைகள், வருகிற ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பழகுகின்றன. ரத்தக் குழாய்கள் இளகி விரியக் கற்றுக்கொள்கின்றன. அதனால், அதே மாடிப்படியை ஏற இதயம் முன்னைவிடக் குறைவாகத் துடித்தால் போதும். சம்பளம் ஏறவில்லை, செலவு குறைந்துவிட்டது, குடும்பம் ஓடுகிறது! பம்பிங் எண் அதே 35-ல் நிற்க, மனிதர் மட்டும் தெருமுனையிலிருந்து மார்க்கெட் வரை நடக்கத் தேறிவிடுவது இப்படித்தான்.

பயம் அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. 1988-ல் கனடாவில் ஜக்டட் என்ற டாக்டர், பெரிய மாரடைப்பு வந்த சிலரின் இதயம் பயிற்சிக்குப் பிறகு இன்னும் உப்பி, உருக்குலைந்ததாக எழுதினார். உலகம் மறுபடி படுக்கையைத் தட்டிப்போடத் தயாரானது. இத்தாலியில் ஜான்னுட்ஸி குழுவினர் பொறுமையாக, பயிற்சி செய்கிறவர்கள் ஒரு பக்கம், செய்யாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்து 1993-லும் 1997-லும் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியால் இதயம் கெடவில்லை. இரண்டாவது ஆய்வில், பலவீன இதயக்காரர்களின் பம்பிங்கே சராசரி 34-லிருந்து 38-க்கு ஏறியிருந்தது! சும்மா இருந்தவர்களின் இதயம்தான் மெல்ல உப்பிக்கொண்டு போனது. அப்புறம் 2016-ல், 14,486 நோயாளிகள் அடங்கிய 63 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். முறையான உடற்பயிற்சி மறுவாழ்வு, இதய நோயால் சாவதைச் சுமார் நாலில் ஒரு பங்கு குறைக்கிறது. மாத்திரையாக இருந்தால் கம்பெனிக்காரன் விளம்பரம் போட்டே நம்மைக் கொன்றிருப்பான்!

இவ்வளவு தெரிந்தும் நம் ஊரில் என்ன நடக்கிறது? இப்போது ஆறு வாரப் படுக்கை கிடையாது. ஸ்டென்ட் வைத்து நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதுவே புதுச் சிக்கல். நடக்கக் கற்றுக்கொடுக்க அங்கே நேரமில்லை, வீட்டில் ஆளில்லை. அந்த இடத்தை உறவுக்காரர்கள் நிரப்புகிறார்கள். ‘அப்பா, அசையாதீங்க’, ‘மாமா, பக்கெட்டைத் தொடாதீங்க.’ பாசத்தில்தான்! மேல்மாடியில் இருந்த கட்டில் ஹாலுக்கு வந்துவிடுகிறது. டாக்டர்கள் 1950-களில் தூக்கிப்போட்ட வைத்தியத்தைக் குடும்பங்கள் பத்திரமாக எடுத்து வைத்திருக்கின்றன.

டிரெட்மில், மானிட்டர் என்று மேல்நாட்டு முறையில் செய்ய நமக்குக் காசும் ஆளும் போதாது என்பதால், டாக்டர் துரைராஜ் பிரபாகரன் உள்ளிட்ட குழுவினர் யோகாவை வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். நாடு முழுவதும் 24 ஆஸ்பத்திரிகள், மாரடைப்பு வந்த 3,959 பேர், 12 வாரங்களில் 13 வகுப்புகள். 2020-ல் முழு முடிவு வந்தது. சாவு, மறு அட்டாக் இவற்றில் மொத்தமாகப் பார்த்தால், நிச்சயமாகச் சொல்கிற அளவு வித்தியாசம் இல்லை. ஆனால், ‘தேறிவிட்டேன்’ என்று உணர்ந்து பழைய வேலைகளுக்குத் திரும்பியவர்கள் யோகா பக்கம் அதிகம். பத்து வகுப்புக்கு மேல் ஒழுங்காக வந்தவர்களுக்கு மறு அட்டாக் மாதிரியான ஆபத்துகளும் கணிசமாகக் குறைவாக இருந்தன. வகுப்புக்கு வருகிறவர்களே கொஞ்சம் தெம்பானவர்களாக இருக்கலாம் என்பதால், இதை அளவோடு எடுத்துக்கொள்ளவேண்டும். 2023 நவம்பரில் தமிழக அரசு, 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ தொடங்கியதும் நினைவிருக்கலாம். ஓர்ட்டல் மாதிரி, ‘உங்களுக்கு இந்தப் பாதை, இவ்வளவு தூரம்’ என்று சீட்டு எழுதும் ஆள்தான் இன்னும் பாக்கி.

ஏற்காட்டில் ஆரம்பித்தோம் அல்லவா? ‘அட்டாக் வந்தவர் அங்கே போகலாமா?’ என்பது பலரும் கேட்கிற கேள்வி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சேலத்தைவிடக் கொஞ்சம் குறையும். கடற்கரையோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு குறைவு. வலி இல்லாமல், மருந்து ஒழுங்காக எடுத்துக்கொண்டு நிலையாகத் தேறிவிட்டவருக்கு இது பெரிய உயரமே இல்லை. உங்கள் டாக்டர் நடக்கவைத்தோ டிரெட்மில் சோதனை செய்தோ பார்த்து, சரி என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். போன அன்றே சேர்வராயன் உச்சிக்கு மூச்சிரைக்க ஏறாதீர்கள். முதல் நாள் ஏரிப் பக்கம் மட்டும். கூட வருகிறவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேகம் சரி. பேச்சு அறுந்தால் குறையுங்கள். நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள். மறுநாள் லேடீஸ் ஸீட் பக்கம். சேர்வராயன் எங்கேயும் போய்விட மாட்டார், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.